வான்வழித் தூரமும் பயண நேரமும்

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

உலகம் சுருங்கிவிட்டது என்று பெரியோர் சொல்லக் கேட்கிறோம். காலையில் சென்னையில் காப்பி அருந்தியவர் மாலையில் சிங்கப்பூரில் தேநீர் அருந்துகிறார். ஆனால் மேற்கே ஏலமலையும் கிழக்கே தோப்பும் வயலுமாக, இரண்டுக்கும் நடுவே அமைந்த நம் போடிநாயக்கனூருக்கு உலகம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது? இதைப் பேச்சோடு விட்டுவிடாமல் கணக்காகப் போட்டுப் பார்ப்பது என்று எங்கள் வகுப்பில் முடிவு செய்தோம். இதற்காக நாங்கள் எடுத்துக்கொண்ட கருவிகள் மூன்று: நிலப்படத் தொகுதி ஒன்று, கணித அட்டவணை ஒன்று, பத்தாம் வகுப்பில் படித்த பிதாகரஸ் தேற்றம். இந்தக் கட்டுரையைப் படிக்கும் தங்கைமாரும் ஒரு தாளும் பென்சிலும் அருகில் வைத்துக்கொண்டால் எங்களோடு சேர்ந்து கணக்குப் போடலாம்.

இரு விமான நிலையங்கள்

நமக்குக் கிழக்கே மதுரை விமான நிலையமும், மலைக்கு அப்பால் மேற்கே கொச்சி விமான நிலையமும் உள்ளன. மதுரை நிலையம் இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், விமானப் படையினர் பயன்படுத்திய களமாகும். பின்னர் பயணிகள் நிலையமாக வளர்ந்தது. 2012 முதல் இங்கிருந்து கொழும்புக்கும் விமானம் சென்றது. கொச்சி நிலையம் நெடும்பாசேரி என்னும் இடத்தில் 1999-இல் திறக்கப்பட்டது. வெளிநாடுகளில் வேலை செய்த கேரள மக்களின் பணமும் அதில் பெரும்பங்கு உண்டு. முழுவதும் சூரிய ஒளி மின்சாரத்தால் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயரை 2015-இல் அது பெற்றது.

இவ்விரு நிலையங்களின் ஓடுபாதைகளுக்கும் 09/27 என்ற ஒரே எண் இருப்பது ஒரு வியப்பு. ஓடுபாதை எந்தத் திசையை நோக்குகிறதோ அந்தத் திசையின் பாகையைப் பத்தால் வகுத்து இந்த எண்ணை இடுகிறார்கள். கிழக்கு 90 பாகை, ஆகவே 09. மேற்கு 270 பாகை, ஆகவே 27. எனவே இரண்டும் ஏறக்குறைய கிழக்கு மேற்காக அமைந்தவை என்பது எண்ணைப் பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது.

இரு நகரங்களுக்கும் இடையே நேர் விமானம் உண்டா இல்லையா என்பது விமானக் கம்பெனிகளின் கால அட்டவணையைப் பொறுத்து மாறக்கூடியது. நாங்கள் இவற்றை எடுத்துக்கொண்டது கணக்குக்காக மட்டுமே.

தூரம் காணும் முறை

பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. ஒரு சுற்றுக்கு 360 பாகை. வகுத்தால் ஒரு பாகைக்கு 111 கி.மீ. வருகிறது. வடக்கு தெற்காகச் செல்லும்போது இது எங்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கிழக்கு மேற்காகச் செல்லும்போது இந்த அளவு நிலநடுக்கோட்டில் மட்டும்தான் பொருந்தும். துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஆரஞ்சுப் பழத்தின் சுளைகள் நடுவில் அகன்றும் நுனியில் ஒடுங்கியும் இருப்பது போல என்று கொள்ளலாம். அந்த ஒடுக்கத்தைக் கணக்கில் சேர்க்க, அந்த இடத்து அட்சரேகையின் கோசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். நம் பகுதி 10 பாகை அட்சரேகையில் உள்ளது. அட்டவணையில் 10 பாகையின் கோசைன் 0.985.

மதுரை விமான நிலையம்: வடக்கு 9.83, கிழக்கு 78.09.
கொச்சி விமான நிலையம்: வடக்கு 10.15, கிழக்கு 76.40.

அட்சரேகை வேறுபாடு 0.32 பாகை. அதை 111-ஆல் பெருக்க 35.5 கி.மீ.
தீர்க்கரேகை வேறுபாடு 1.69 பாகை. அதை 111-ஆலும் 0.985-ஆலும் பெருக்க 184.8 கி.மீ.

இவ்விரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். நமக்கு வேண்டியது கர்ணம். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 188 கி.மீ. கிடைக்கிறது. இதுவே மதுரைக்கும் கொச்சிக்கும் இடையே உள்ள வான்வழித் தூரம்.

பூமி உருண்டையாயிற்றே, தட்டையான முக்கோணம் எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்கலாம். இத்தனை சிறிய தூரத்தில் வளைவினால் வரும் வேறுபாடு மிகமிகக் குறைவு. சென்னையிலிருந்து இலண்டனுக்குக் கணக்குப் போடுவதானால் கோளத்துக்குரிய முறையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

விமானிகள் கிலோமீட்டரில் கணக்கிடுவதில்லை. அவர்களுடைய அளவு கடல் மைல். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு கலையின் நீளமே ஒரு கடல் மைல்; அது 1.852 கி.மீ. இந்தக் கணக்கில் நம் விடை ஏறத்தாழ 101 அரைக் கடல் மைல்.

கோட்டின்மேல் நம் ஊர்

நிலப்படத்தில் மதுரையையும் கொச்சியையும் ஒரு நூலால் இணைத்தபோது, நூல் போடிநாயக்கனூரை உரசிக்கொண்டு போவது போலத் தோன்றியது. கண்ணை மட்டும் நம்பாமல் கணக்கையும் கேட்டோம். போடியின் இருப்பிடம் வடக்கு 10.01, கிழக்கு 77.35. முன்போலவே கணக்கிட்டால்,

மதுரை விமான நிலையம் முதல் போடி வரை 83 கி.மீ.
போடி முதல் கொச்சி விமான நிலையம் வரை 105 கி.மீ.
கூட்டினால் 188 கி.மீ.

முக்கோணத்தில் இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாம் பக்கத்தை விடப் பெரியது என்று படித்திருக்கிறோம். இங்கே கூடுதல் மூன்றாம் பக்கத்துக்கு ஏறக்குறைய சமமாகவே வந்துவிட்டது. அப்படியானால் முக்கோணமே இல்லை. மூன்று இடங்களும் ஒரே கோட்டில் இருக்கின்றன என்பது பொருள். நுணுக்கமாகப் பார்த்தால் அந்தக் கோடு நம் ஊருக்குத் தெற்கே நான்கு கிலோமீட்டர் அளவில் செல்கிறது. விமானங்கள் தமக்கென வகுத்த வழியில், கட்டுப்பாட்டு நிலையத்தின் சொற்படி செல்பவை. எனவே அவை இந்தக் கோட்டின் மேலேயே பறக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் பூகோளப்படி நாம் இருப்பது மதுரைக்கும் கொச்சிக்கும் நேர்வழியில்.

தரைவழி

தரையில் நிலைமை என்ன? மதுரை நகரிலிருந்து போடிக்கு நேர்கோட்டில் 85 கி.மீ.; இரயில் பாதை ஏறத்தாழ 90 கி.மீ. வேறுபாடு ஐந்தே கிலோமீட்டர். சமவெளியில் போட்ட பாதை ஆகையால் நூல் பிடித்தாற்போலச் செல்கிறது. 1928-இல் வந்த இந்த இரயில், அகலப்பாதைப் பணிக்காக 2010-இன் முடிவில் நிறுத்தப்பட்டு, 2023 ஜூன் மாதம் மீண்டும் நம் ஊரை வந்தடைந்தது.

இரயில் போடியோடு நின்றுவிடுகிறது. அதற்குமேல் மலை. போடியிலிருந்து மூணாறுக்கு நேர்கோட்டில் 33 கி.மீ. தேசிய நெடுஞ்சாலை 85-இல் போடிமெட்டு, பூப்பாறை வழியாகச் சென்றால் ஏறத்தாழ 68 கி.மீ. இரண்டு மடங்குக்கும் மேல்! போடிமெட்டு ஏறுவதற்குள் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். சாலை ஏன் இப்படி வளைகிறது? நேராக ஏறினால் எந்த வண்டியாலும் ஏற முடியாது. உயரத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்து ஏற வேண்டும்; அதற்காகவே தூரத்தை நீட்டுகிறார்கள். சாய்வான பலகையின் நீளம் கூடினால் ஏற்றும் விசை குறையும் என்று இயற்பியலில் படித்தது இங்கே சாலையாகக் கிடக்கிறது.

எங்கள் தோழியரில் சிலருடைய வீடுகள் மலைமேல் ஏலத்தோட்டங்களில் உள்ளன. வீடு எத்தனை தூரம் என்று கேட்டால் அவர்கள் கிலோமீட்டர் சொல்வதில்லை. “ஜீப்பில் ஒன்றரை மணி; மழை பெய்தால் இரண்டரை” என்கிறார்கள். விமானக் கால அட்டவணையிலும் புறப்படும் நேரமும் சேரும் நேரமும்தான் அச்சிட்டிருக்கும்; தூரம் இருப்பதில்லை. மலையில் வாழ்பவர்களும் வானில் செல்பவர்களும் தூரத்தை நேரத்தால் அளப்பதைக் கண்டு நாங்கள் மகிழ்ந்தோம். ஆகவே அடுத்து நேரத்தைக் கணக்கிட்டோம்.

நேரம் காணும் முறை

நம் பகுதிச் சிறு நிலையங்களுக்கு வரும் சுழல்விசிறி விமானத்தின் வேகத்தை மணிக்கு 480 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 8 கி.மீ. ஆகிறது. 188-ஐ 8-ஆல் வகுத்தால் 23 அரை நிமிடம். அவ்வளவுதானா? இல்லை.

இந்த விடையைச் சோதிக்க வேறொரு வழியை எடுத்துக்கொண்டோம். சென்னைக்கும் மதுரைக்கும் வான்வழித் தூரம் இதே முறைப்படி 417 கி.மீ. வருகிறது. வகுத்தால் 52 நிமிடம். ஆனால் அட்டவணையில் காணும் நேரமோ ஒன்றேகால் மணி அளவில் இருக்கிறது. எஞ்சிய 23 நிமிடம் எங்கே போயிற்று? விமானம் நின்ற இடத்திலிருந்து ஊர்ந்து ஓடுபாதைக்குச் செல்ல வேண்டும். உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டும். மெதுவாக மேலேற வேண்டும். இறங்கும்போதும் வேகத்தைக் குறைத்து, ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி, இறங்கி, மறுபடி ஊர்ந்து நிற்க வேண்டும். பயணம் நீண்டதானாலும் குறுகியதானாலும் இந்தச் செலவு ஏறக்குறைய ஒன்றே.

அந்த 23 நிமிடத்தை நம் கணக்கில் சேர்த்தால் மதுரையிலிருந்து கொச்சிக்கு 47 நிமிடம், அதாவது முக்கால் மணிக்குச் சற்று மேல் ஆகிறது. இதில் பாதி நேரம்தான் தூரத்தைக் கடப்பதற்கு. மறுபாதி இரு முனைகளிலும் செலவாகிறது.

காற்றின் பங்கு

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து காற்று வரும். மணிக்கு 80 கி.மீ. எதிர்க்காற்று என்று கொண்டால், கொச்சிக்குச் செல்லும் விமானத்தின் வேகம் 400 ஆகக் குறையும். பறக்கும் நேரம் 28.2 நிமிடம். திரும்பும்போது காற்று பின்னிருந்து தள்ளுவதால் வேகம் 560, நேரம் 20.1 நிமிடம். போகவர 48.3 நிமிடம். காற்றே இல்லையென்றால் 47 நிமிடம். போகும்போது இழந்ததை வரும்போது காற்று முழுவதும் திருப்பித் தருவதில்லை! காரணம் எளியது. எதிர்க்காற்றில் மெதுவாகச் செல்வதால் அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் இருக்கிறோம். பின்காற்றில் விரைந்து செல்வதால் அதன் உதவி குறைந்த நேரமே கிடைக்கிறது.

வீட்டிலிருந்து வீட்டுக்கு

இனிப் போடியிலிருந்து ஒருவர் விமானத்தில் கொச்சி செல்வதாக வைத்துக்கொள்வோம். முதலில் அவர் கொச்சிக்கு எதிர்த்திசையில் மதுரை விமான நிலையம் செல்ல வேண்டும். காரில் இரண்டரை மணி. விமானம் புறப்படுவதற்கு இரண்டு மணி முன்பாகவே அங்கே இருக்கச் சொல்கிறார்கள். பறக்க முக்கால் மணி. இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. மொத்தம் ஐந்தே முக்கால் மணி. மலைச்சாலையில் மூணாறு வழியாகக் காரில் சென்றால் 180 கி.மீ. அளவு, அதற்கும் ஐந்தரை, ஆறு மணிதான். புறப்பட்ட முக்கால் மணிக்குள் மலையைத் தாண்டிவிடும் விமானம், கோட்டின் மேலேயே இருக்கும் நமக்கு ஒரு மணி நேரத்தைக்கூட மிச்சப்படுத்தவில்லை. ஓட்டம் விரைவாயிருந்தும், ஏறும் இடம் நமக்குத் தொலைவில் இருப்பதே காரணம்.

இரண்டு சிறு தீவுகள்

முனைகள் அருகில் இருந்தால் என்ன ஆகும்? ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுக் கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள் உள்ளன. இரண்டின் விமானக் களங்களுக்கும் இடையே தூரம் 2.7 கி.மீ. அட்டவணையில் குறித்த பயண நேரம் இரண்டு நிமிடம். உலகிலேயே மிகக் குறுகிய விமானப் பயணம் இதுவே. 1967 முதல் நடந்து வருகிறது. காற்று துணை செய்த ஒரு நாளில் 53 வினாடியில் கடந்ததுண்டு. பாப்பா வெஸ்ட்ரேயில் நூறு பேர்கூட வசிக்கவில்லை. ஆயினும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் அந்தச் சிறு விமானத்தில் வந்து போகிறார்கள். பெரிய கட்டடமில்லை, நீண்ட வரிசையுமில்லை. வீட்டருகே ஏறி, வேலை செய்யும் இடத்தருகே இறங்குகிறார்கள். இடையில் கடல் இருப்பதால் அவர்களுக்கு இந்த ஏற்பாடு.

நம் மலையின் ஆகாய வழி

நமக்கும் அப்படி ஒரு வழி ஒரு காலத்தில் இருந்தது என்பதை இன்று பலர் அறியார். மூணாறுத் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவர 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1908-இல் அது சிறு இரயில் பாதையானது. ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்திலுள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்கு ஐந்து கி.மீ. நீளமுள்ள கம்பிவடப் பாதை இருந்தது. தேயிலைப் பெட்டிகள் அந்தரத்தில் தொங்கியபடியே பள்ளத்தாக்கைத் தாண்டி இறங்கின. கொட்டகுடியைப் பாட்டம் ஸ்டேஷன் என்று அழைத்தார்கள். அங்கிருந்து மாட்டு வண்டியில் 15 கி.மீ. கடந்து போடி, போடியிலிருந்து கப்பலேற வெளியூர். 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்தச் சிறு இரயிலை அழித்தது. கம்பிவடமும் பின்னர் மறைந்து, சிதைவுகளே மிஞ்சின. நூறாண்டுகளுக்கு முன் தேயிலைப் பெட்டி வளையாமல் நெளியாமல் இறங்கிய சரிவில் மனிதர்கள் கால்நடையாகவே ஏறி இறங்குகிறார்கள்.

மலையில் விமானம் இறங்கவே முடியாதா? இடுக்கி மாவட்டத்தில் வண்டிப்பெரியாறுக்கு அருகே சத்திரம் என்னும் இடத்தில் தேசிய மாணவர் படையின் பயிற்சிக்காக 650 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை அமைத்தார்கள். 2022-இல் மழையால் அதன் ஒரு பகுதி சரிந்தது. ஆயினும் அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் நாள் இரண்டு பேர் அமரும் சிறு விமானம் அங்கே வெற்றிகரமாக இறங்கியது. மதுரையிலிருந்து அது நேர்கோட்டில் ஏறத்தாழ 110 கி.மீ. ஏலமலையில் சமதளம் கிடைப்பது எவ்வளவு அரிது, கிடைத்ததைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதை இந்த ஒரு செய்தியே காட்டும்.

குரங்கணி கற்பித்த பாடம்

இந்தக் கணக்கு விளையாட்டல்ல என்பதை உணர்த்திய நாள் ஒன்று நம் ஊர் வரலாற்றில் உண்டு. 2018 மார்ச் 11-ஆம் நாள் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. மலையேற்றத்துக்கு வந்திருந்தோர் அதில் சிக்கினர். அவர்களுள் பலர் இளம்பெண்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

கோயம்புத்தூரை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் உதவிக்கு வந்தன. சூலூரிலிருந்து குரங்கணிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கி.மீ. நிமிடத்துக்கு 4 கி.மீ. என்று கொண்டால் 25 நிமிடப் பயணம். ஆனால் இருள் சூழ்ந்த செங்குத்தான சரிவில், புகைக்கு நடுவே, ஹெலிகாப்டர் எங்கே இறங்கும்? அந்த இரவில் முதலில் போய்ச் சேர்ந்தவை மனிதர்களின் கால்கள்தான். மலைவாழ் மக்களும் ஊர்க்காரர்களும் மீட்புப் பணியாளரும் காயமுற்றவர்களைப் போர்வையிலும் டோலியிலும் சுமந்து இறக்கினார்கள். அதன் பிறகே ஆம்புலன்ஸ். அதன் பிறகே போடி, தேனி, மதுரை மருத்துவமனைகள். நூறு கிலோமீட்டரை வானம் 25 நிமிடத்தில் கடந்துவிடும். கடைசிச் சில கிலோமீட்டரைக் கடக்க இரவு முழுவதும் ஆயிற்று. அந்தச் சுமையைத் தோளில் தாங்கியவர்களை நம் ஊர் என்றும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

தோழியருக்கு ஒரு கணக்கு

தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில் உள்ளது: வடக்கு 8.72, கிழக்கு 78.03. மதுரை நிலையத்திலிருந்து அதன் வான்வழித் தூரம் என்ன? நிமிடத்துக்கு 8 கி.மீ. வேகத்தில் எவ்வளவு நேரம்? (விடை: 123 கி.மீ.; ஏறத்தாழ 15 அரை நிமிடம். இரு முனைகளின் 23 நிமிடத்தைச் சேர்க்க மறவாதீர்கள். இங்கே முனைகளின் செலவு பறக்கும் நேரத்தை விடவும் பெரிது!)

முடிவுரை

தூரம் காண ஒரு பெருக்கலும் ஒரு வர்க்கமூலமும் போதும். நேரம் காண இரு முனைகளையும் பார்க்க வேண்டும். இதுவே நாங்கள் இக்கணக்கால் கற்றது. ஏலமலையில் பிரசவ வலி கண்ட தாய்க்கும், பாம்பு தீண்டிய தொழிலாளிக்கும், மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்பதை விட எத்தனை நிமிடம் என்பதே உயிர் காக்கும் கேள்வி.

ஆகவே எங்கள் வகுப்பில் ஒரு குறிப்பேடு தொடங்கியிருக்கிறோம். மலைமேல் வீடுள்ள ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து ஜீப் கிடைக்கும் இடத்துக்கும், அங்கிருந்து மருத்துவமனைக்கும் ஆகும் நேரத்தை, பகலில், இரவில், மழையில் என்று மூன்றாகப் பிரித்து எழுதி வருகிறோம். கீழ் வகுப்புத் தங்கைமாரும் தத்தம் தோட்டத்துக்கும் தெருவுக்கும் இவ்வாறு எழுதித் தரலாம். பெற்றோர்களும் தாங்கள் மலைச்சாலையில் அன்றாடம் கண்ட நேரங்களைச் சொல்லி உதவ வேண்டுகிறோம். அந்தப் பட்டியலை நம் ஊர் மருத்துவமனையிடமும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களிடமும் ஒப்படைப்பது எங்கள் எண்ணம். நாங்கள் பள்ளியை விட்டுச் சென்ற பின்பும் அடுத்த வகுப்பினர் அதைத் தொடர்ந்து எழுதுவார்கள் என்று நம்புகிறோம்.